பாட்டை எடுப்பதற்கு முன் ஆதாரத்தைக் காட்டுங்கள்: ஸ்ட்ரீமிங் தளங்களுக்கும் விநியோக நிறுவனங்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பாட்டு ஸ்ட்ரீமிங் தளங்களை நடத்துகிறவர்களுக்கும், லேபிள் (பாட்டை வெளியிடும் நிறுவனம்) இல்லாமல் பாடுகிறவர்களிடம் பாட்டை வாங்கி அந்தத் தளங்களுக்கு ஏற்றிக் கொடுக்கிற விநியோக நிறுவனங்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். தனித்தனியாக எழுதினால் என்ன நடக்கும் என்று இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். தளத்தைக் கேட்டால் உங்கள் விநியோக நிறுவனத்திடம் பேசுங்கள் என்பார்கள், விநியோக நிறுவனத்தைக் கேட்டால் அது தளத்தின் முடிவு, எங்கள் கையில் ஒன்றும் இல்லை என்பார்கள். நடுவில் நிற்கிறவர் பாடியவர்.

நான் ராப் எழுதுகிறவன் இல்லை. எழுதுகிறவர்களின் குரலைப் பதிவு செய்து, மிக்ஸ் பண்ணி, பாட்டு உங்களிடம் போய்ச் சேரும்வரை கூடவே இருக்கிறவன். என்னிடம் வருகிறவர்கள் எல்லோருமே சொந்தக் காசில் பாடுகிறவர்கள். அவர்களுக்காக நான் கேட்க வந்தது ஒன்றுதான்: ஒரு பாட்டில் போலி ஸ்ட்ரீம், அதாவது உண்மையான ரசிகர்கள் கேட்காமல் செயற்கையாக ஏற்றிய கேட்பு எண்ணிக்கை, இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றினால், அந்தப் பாட்டை எடுப்பதற்கு முன் பாடியவருக்கு ஆதாரத்தைக் காட்டுங்கள், பதில் சொல்ல அவகாசம் கொடுங்கள், அந்தப் பதிலை ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்கட்டும்.

அண்டர்கிரவுண்டில், அதாவது பெரிய நிறுவனங்களின் ஆதரவு இல்லாமல், இருக்கிற ஒரு ராப்பரின் தொழில் எப்படி ஓடுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் விதிகளை எழுதியவர்கள் அதைப் பக்கத்திலிருந்து பார்த்திருந்தால் அந்த விதிகள் இப்படி இருந்திருக்காது என்று நான் நம்புகிறேன். பகலில் வேறு வேலை. இரவில் வரிகள். பீட் (ராப்புக்கான பின்னணி இசை) செய்பவரிடமிருந்து லீஸுக்கு, அதாவது பயன்படுத்தும் அனுமதி மட்டும் வாங்கி, ஒரு பீட், கையில் காசு இருந்தால் மொத்த உரிமையோடு. அப்புறம் மைக் முன்னால் நின்று மெயின் டேக், அதன் மேல் டபுள்ஸ் (அதே வரியை மறுபடி பாடிச் சேர்ப்பது), ஆட்-லிப்ஸ் (இடையிடையே போடுகிற சின்னக் குரல்கள்), ஒரு வரியில் மூச்சு தவறான இடத்தில் விழுந்துவிட்டது என்று அந்த ஒரு வரிக்காக மறுபடியும் முழு வெர்ஸையும் (பாட்டின் ராப் பகுதியையும்) பாடுவது. கவர் படம், வீடியோ, யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி வைக்கிற தாள். ஸ்பாட்டிஃபையின் எடிட்டர்கள் பார்வைக்கு ஒரு பாட்டை அனுப்ப வேண்டுமென்றால் வெளியாகும் நாளுக்கு 7 நாளாவது முன்னால் ஏற்றியிருக்க வேண்டும், அதுவும் ஒரு நேரத்தில் ஒரு பாட்டுதான், ஆகவே எல்லாவற்றையும் அதற்கும் முன்னாலேயே முடிக்க வேண்டும். இத்தனைக்கும் செலவு செய்பவர், திட்டமிடுபவர், விளம்பரம் செய்பவர், கணக்கு எழுதுபவர் எல்லாம் ஒரே ஆள்.

ஸ்ட்ரீமிங்கில் வருகிற பணத்தை வைத்து இவர்களில் யாரும் சாப்பிடுவதில்லை. வருமானம் என்று ஒன்று இருந்தால் அது மேடையிலிருந்து, டீ-ஷர்ட்டிலிருந்து, நேரடியாக விற்கிற ஆல்பத்திலிருந்து, இன்னொருவர் பாட்டில் ஒரு வெர்ஸ் பாடிக்கொடுப்பதிலிருந்து வரும். பின்னே ஏன் உங்கள் தளம் இவ்வளவு முக்கியம்? நிகழ்ச்சி நடத்துகிறவர் ஒரு ராப்பரை மேடையேற்றலாமா என்று யோசிக்கும்போது முதலில் திறந்து பார்ப்பது உங்கள் தளத்தில் இருக்கிற அவருடைய பக்கத்தைத்தான். மாதக் கேட்பாளர் எண்ணிக்கை, கடைசியாக வந்த பாட்டு, எந்த ஊர்களில் கேட்கிறார்கள், இவ்வளவும் ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது. அங்கே ஒரு பாட்டு திடீரென்று காணாமல் போனால் போவது சில்லறை ராயல்டி மட்டும் இல்லை, அடுத்த சில மாதங்களின் மேடைகளும்தான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நான் மிக்ஸ் செய்த ஒரு பாட்டு, பாடியவருடைய பாட்டுகளிலேயே அதிகம் பேர் கேட்டது, ஒரு நாள் எல்லாத் தளங்களிலிருந்தும் போய்விட்டது. விநியோக நிறுவனத்திலிருந்து அவருக்கு வந்த மின்னஞ்சலில் இயல்புக்கு மாறான ஸ்ட்ரீம்கள் கண்டறியப்பட்டன என்று இருந்தது. எந்தத் தேதியில், எந்த பிளேலிஸ்ட்டிலிருந்து, எத்தனை, ஒன்றும் இல்லை. அந்தப் பாட்டு மட்டும் போகவில்லை, அவருடைய கணக்கில் சேர்ந்திருந்த மற்ற பாட்டுகளின் பணமும் நிறுத்தி வைக்கப்பட்டது. பதில் எழுதினார், அதே வாசகம் திரும்ப வந்தது. மறுபடி எழுதினார், கிணற்றில் போட்ட கல்தான். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு நிறுவனம் திருந்தினால் மட்டும் தீர்கிற விஷயமாக இது இல்லை.

அவர் ஒரு ஸ்ட்ரீமைக்கூடக் காசு கொடுத்து வாங்கியதில்லை. உங்களில் பலருக்கு இதை நம்பக் கஷ்டமாக இருக்கலாம், எல்லோரும் இப்படித்தானே சொல்கிறார்கள் என்று தோன்றலாம். சரி, நம்ப வேண்டாம். ஆனால் இது எப்படி நடக்கிறது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஸ்ட்ரீம் விற்கிறவர்கள் ஒரு பிளேலிஸ்ட் போடுகிறார்கள். காசு கொடுத்தவர்களின் பாட்டை மட்டும் அதில் அடுக்கினால் உடனே தெரிந்துவிடும், ஆகவே சம்பந்தமே இல்லாத பாட்டுகளையும் நடுநடுவே கலக்கிறார்கள். பாட் கணக்குகள், அதாவது மனிதர் இல்லாமல் கணினி நிரலே இயக்குகிற கணக்குகள், எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டுகின்றன. 30 வினாடி தாண்டினால் ஒரு ஸ்ட்ரீம் என்று கணக்காகிறது, தாண்டியதும் அடுத்த பாட்டு. மாட்டிக்கொள்வது நடுவில் கலக்கப்பட்டவர். தன் பக்கத்தின் புள்ளிவிவரத்தைத் திறந்தால் அவருக்கே அது கண்ணுக்குத் தெரியும்: ஒரு ரசிகர்கூட இல்லாத ஏதோ ஓர் ஊரிலிருந்து ஒரே நாளில் மலைபோல் ஸ்ட்ரீம், ஆனால் பாட்டைச் சேமித்தவர்களோ பின்தொடர ஆரம்பித்தவர்களோ யாரும் இல்லை. தெரிந்து என்ன செய்வது? புகார் சொல்ல ஒரு படிவம் இருக்கலாம், அதற்குப் பதில் வருவதற்குள் பாட்டு போய்விடுகிறது. எய்தவன் இருக்க அம்பை நோகிற கதைதான் இது, அதுவும் எய்தவனின் பிளேலிஸ்ட் வேறு பெயரில் மறுநாளே திரும்ப வந்துவிடும்.

மோசடி உண்மை என்பதை நான் மறுக்கவில்லை. பிரான்ஸின் தேசிய இசை மையம் 2021-ஆம் ஆண்டின் தரவுகளை வைத்து ஆராய்ந்து, அந்த நாட்டில் நடந்த ஸ்ட்ரீம்களில் குறைந்தது 1 முதல் 3 சதவீதம் வரை போலி என்று 2023-இல் அறிக்கை வெளியிட்டது. 2024 செப்டம்பரில் நியூயார்க்கில் ஒருவர் மீது அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. செயற்கை நுண்ணறிவால் செய்த லட்சக்கணக்கான பாட்டுகளை ஏற்றி, பாட் கணக்குகளால் ஓட்டி, 1 கோடி டாலருக்கு மேல் ராயல்டி வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. அந்த வழக்கில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எந்த ஒரு பாட்டும் கண்ணில் படக் கூடாது என்பதற்காகத்தான் அத்தனை பாட்டுகளிலும் பரப்பி ஓட்டினார்கள் என்கிறார்கள். அதாவது மோசடிக்காரர்கள் ஒளிந்துகொண்டது சின்னப் பாட்டுகளின் கூட்டத்தில். அதன் விளைவாக இன்று சின்னதாக இருப்பதே சந்தேகத்துக்குரிய விஷயமாகிவிட்டது. அந்தப் பணம் எங்கிருந்து போனது என்று யோசித்துப் பாருங்கள், ஒரே குளத்திலிருந்துதான் எல்லோருக்கும் பங்கு என்பதால் அது என்னிடம் வருகிற இந்த ராப்பர்களிடமிருந்தும்தான் போனது. திருடு போனது இவர்களிடம், திருடன் என்று பிடிபடுவதும் இவர்கள்.

ராப்பை மக்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்பதையும் உங்கள் கண்டுபிடிப்பு முறைகள் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை. ஒரு நல்ல வெர்ஸை யாரும் ஒரு தடவை கேட்டுவிட்டு நகர்வதில்லை. 16 பாரில் (ஒரு வெர்ஸின் வழக்கமான நீளம்) ஒளித்து வைத்த இரட்டை அர்த்தம் மூன்றாவது தடவைதான் பிடிபடும், உள்ளுக்குள் ஓடுகிற எதுகை அதற்கும் பிறகு. வேகமாகப் பாடிய இடத்தில் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள அந்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வருவார்கள், பாதியில் நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஓட்டுவார்கள், கூடவே பாடக் கற்றுக்கொள்கிறவர்கள் மணிக்கணக்கில் அதையே ஓட்டுவார்கள். அண்டர்கிரவுண்டில் ரசிகர்கள் குறைவு, ஆனால் அந்தக் கொஞ்ச பேர் இப்படித்தான் கேட்பார்கள். இதற்கு மேல் ஒன்று: இந்தப் பாட்டுகள் மாதக்கணக்கில் அமைதியாகக் கிடக்கும், அப்புறம் ஒரு சைஃபர் (ராப்பர்கள் கூடி மாறி மாறிப் பாடுவது) வீடியோவோ ஒரு மேடையில் யாரோ எடுத்த அரை நிமிடத் துண்டோ கைமாறும், ஒரே இரவில் ஒரே ஊரிலிருந்து கூட்டம் வரும், ஒரு வாரத்தில் மறுபடியும் அமைதி. குறைந்த கேட்பாளர்கள், நிறைய மறுகேட்பு, திடீர் ஏற்றம், ஒரே இடத்தில் குவிந்த ஸ்ட்ரீம். மேலோட்டமாகப் பார்த்தால் பாட் மாதிரியேதான் இருக்கும். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் ஒரு ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இது முடியாத காரியம் இல்லை என்பதற்கு யூடியூபையே எடுத்துக்கொள்ளுங்கள். பதிந்து வைத்த பாட்டு வேறு வீடியோவில் வந்தால் தானாகக் கண்டுபிடிக்கிற கன்டென்ட் ஐடி என்ற முறை அங்கே 2007-இலிருந்து இருக்கிறது, அதனால் ராப்பர்கள் படுகிற அவஸ்தையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரே பீட்டை லீஸில் பலர் வாங்கியிருப்பார்கள், எல்லோருக்கும் உரிமை உண்டு, அதில் ஒருவர் விவரம் தெரியாமல் தன் பாட்டை அந்த முறையில் பதிந்துவிட்டால் மற்ற எல்லோர் வீடியோவிலும் அவர் பெயரில் உரிமை கோரல் வந்து விழும். எரிச்சலான விஷயம்தான். ஆனாலும் அங்கே யார் கோரினார்கள் என்று தெரிகிறது, வீடியோவின் எந்த இடம் என்று தெரிகிறது, எதிர்ப்புத் தெரிவித்தால் கோரியவர் 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் கோரல் விழுந்துவிடும். லீஸ் ஒப்பந்தத்தைக் காட்டிப் பேச ஒரு இடம் இருக்கிறது. போலி ஸ்ட்ரீம் விஷயத்தில் அந்தக் குறைந்தபட்ச மரியாதைகூட இல்லை. குற்றம் சாட்டியவர் யார், என்ன ஆதாரம், எத்தனை நாள் அவகாசம் என்ற மூன்று கேள்விக்கும் பதில் கிடையாது.

ராப்பில் தனியாக நின்று தொழில் செய்வது நீங்கள் வந்த பிறகு தொடங்கிய ஒன்று இல்லை. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஓக்லாந்தில் டூ ஷார்ட் என்ற ராப்பர் தன் கேசட்டுகளைத் தானே தெருவில் விற்றார். மாஸ்டர் பி 1990-களில் நோ லிமிட் என்ற தன் நிறுவனத்தை நடத்தியபோது பெரிய நிறுவனத்திடம் விநியோகத்தை மட்டும் கொடுத்தார், மாஸ்டர்களின் (மூல ஒலிப்பதிவுகளின்) உரிமை அவரிடமே இருந்தது. டெக் நைன் 1999-இல் ஒரு கூட்டாளியோடு கான்சஸ் சிட்டியில் ஸ்ட்ரேஞ்ச் மியூசிக் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கி, ஊர் ஊராக மேடையேறியே அதை வளர்த்தார். 2013-இல் நிப்சி ஹசில் தன் மிக்ஸ்டேப்பை (ராப்பர்கள் தாங்களே வெளியிடுகிற பாட்டுத் தொகுப்பை) இணையத்தில் இலவசமாக விட்டுவிட்டு, அதன் 1,000 பிரதிகளை மட்டும் ஒன்று 100 டாலர் என்று விற்றுத் தீர்த்தார். இவர்கள் எல்லோருடைய பாதையும் வேறு வேறு. ஆனால் வாங்கியவரும் விற்றவரும் ஒருவரையொருவர் நெருங்க வழி இருந்தது, சரக்கும் அவர்கள் கையில் இருந்தது. இன்று உங்கள் தளத்தில் ஒரு பாட்டைத் தினமும் கேட்கிற ரசிகர் யார் என்று பாடியவருக்குத் தெரியாது. பாட்டு போய்விட்டால் அந்த ரசிகருக்குச் சொல்லவும் வழியில்லை. பாடியவர் ரசிகருக்கு நேரடியாக விற்கிற பேண்ட்கேம்ப் தளத்தில் ஆல்பம் வாங்குகிறவர் சம்மதித்தால் அவருடைய மின்னஞ்சல் முகவரி பாடியவருக்குக் கிடைக்கிறது. உங்களால் ஏன் அது முடியவில்லை?

பாட்டு இல்லாமல் போவதன் விலை என்ன என்பதற்கு டி லா சோல் என்ற அமெரிக்க ராப் குழு ஒரு சாட்சி. சாம்பிள் (பிறர் பாட்டிலிருந்து எடுத்துச் சேர்த்த துண்டு) உரிமைகள் சிக்கலில் இருந்ததால் அவர்களுடைய ஆரம்பகால ஆல்பங்கள் 2023 மார்ச் வரை ஸ்ட்ரீமிங்கிலேயே வரவில்லை, அதற்குள் ஒரு தலைமுறையே அவற்றைக் கேட்காமல் வளர்ந்துவிட்டது. அவர்கள் பெயர் பெற்றவர்கள், ஆகவே காத்திருந்தவர்கள் உண்டு. அண்டர்கிரவுண்டில் இருக்கிறவரின் பாட்டுக்கு யார் காத்திருப்பார்கள்? மைஸ்பேஸ் என்ற பழைய சமூக வலைத்தளத்தில் சர்வர் மாற்றும்போது 2016-க்கு முன் ஏற்றிய பாட்டுகள் அழிந்துபோனதாக 2019-இல்தான் அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதில் எத்தனையோ பேரின் முதல் மிக்ஸ்டேப்புகளும் இருந்திருக்கும். தேடிப் போவதற்கு இன்று ஒரு இடமும் இல்லை.

விநியோக நிறுவனங்கள் ஏன் அவசரப்படுகின்றன என்பதும் எனக்குப் புரிகிறது. 2024-இலிருந்து ஸ்பாட்டிஃபை அப்பட்டமான போலி ஸ்ட்ரீம் தெரிகிற ஒவ்வொரு பாட்டுக்கும் லேபிள்களிடமும் விநியோக நிறுவனங்களிடமும் அபராதம் வாங்குகிறது. வருடத்துக்கு ஒரு சிறு தொகை கட்டுகிற ஒரு ராப்பருக்காக ஆள் வைத்து விசாரிப்பதைவிட, பாட்டை எடுத்துவிட்டு அபராதத்தை அவர் கணக்கிலேயே பிடித்துக்கொள்வது நிறுவனத்துக்கு மலிவு. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சிறு தொகையை வாங்கிக்கொள்ளும்போது நீங்கள் விளம்பரத்தில் சொல்வது நாங்கள் உங்கள் பக்கம் என்று. அப்படியானால் சந்தேகம் வரும் நாளிலும் பக்கத்தில் நிற்க வேண்டும்.

கடந்த 12 மாதங்களில் 1,000 ஸ்ட்ரீமைத் தொடாத பாட்டுக்கு ஒலிப்பதிவுக்கான ராயல்டி இல்லை என்று அதே 2024-இல் ஸ்பாட்டிஃபை கொண்டுவந்த விதியைப் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். அப்படிப்பட்ட பாட்டுகள் மாதத்துக்குச் சராசரியாக 3 சென்ட்தான் ஈட்டுகின்றன என்பது அவர்கள் தரப்பு. தொகை சின்னதுதான், ஆனால் சின்னவர்கள் ஈட்டியதை எடுத்துப் பெரியவர்களின் பங்கில் சேர்ப்பது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. அதைவிட எனக்குக் கவலை, போலி ஸ்ட்ரீம் என்று ஒருமுறை எடுக்கப்பட்ட பாட்டு மறுபடி ஏறி அந்த ஆயிரத்தைத் தொடுவது எவ்வளவு கடினம் என்பதுதான்.

உண்மையிலேயே பாட்களை ஒழிக்க வேண்டுமென்றால் பணம் பிரிக்கிற முறையை மாற்றுங்கள். இப்போது எல்லோருடைய சந்தாவும் ஒரே குளத்தில் விழுந்து, மொத்த ஸ்ட்ரீமில் யாருக்கு எவ்வளவு என்று பிரிகிறது. இரவு பகலாக ஓடுகிற ஒரு பாட் கணக்கு, தான் கட்டிய சந்தாவைவிட எத்தனையோ மடங்கு அதிகமாக அந்தக் குளத்திலிருந்து இறைத்துவிட முடியும். ஒவ்வொரு கேட்பாளரின் சந்தாவும் அவர் கேட்டவர்களுக்கு மட்டும் போகட்டும், அப்போது ஒரு பாட் அதிகபட்சம் இழுக்கக்கூடியது தன் சொந்தச் சந்தாவைத்தான். மோசடியில் லாபமே இருக்காது. சவுண்ட்கிளவுட் என்ற தளம் 2021-இலேயே சுதந்திரக் கலைஞர்களுக்கு இந்த வழியில் பணம் பிரிக்கத் தொடங்கிவிட்டது. ஒரே ராப்பரை மாதம் முழுவதும் கேட்கிற ரசிகரின் பணம் அந்த ராப்பருக்கே போகும் என்பது அண்டர்கிரவுண்டுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அது பெரிய மாற்றம், நாளாகும் என்பீர்கள். அதுவரை செய்யக்கூடியவை இருக்கின்றன. சந்தேகம் வந்தால் எந்த பிளேலிஸ்ட், எந்தத் தேதிகள், எவ்வளவு என்று பாடியவருக்குச் சொல்லுங்கள், உங்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. போலி என்று முடிவானால் அந்த ஸ்ட்ரீம்களைக் கழித்துவிடுங்கள், அதற்கான பணத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் பாட்டு இருந்த இடத்தில் இருக்கட்டும். அந்த ஒரு பாட்டுக்காக மற்ற பாட்டுகளின் பணத்தை முடக்காதீர்கள், அதில் பீட் செய்தவரின் பங்கும் கூடப் பாடியவரின் பங்கும் இருக்கிறது, அவர்களுக்கு இந்த வழக்கோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. தப்பாக எடுத்துவிட்டது தெரிந்தால் அதே பதிவு எண்ணில், பழைய ஸ்ட்ரீம் கணக்கோடு, ரசிகர்கள் சேர்த்து வைத்திருந்த பிளேலிஸ்ட்டுகளிலேயே திரும்ப வையுங்கள். மேல்முறையீட்டுக்கு ஒரு காலக்கெடு வையுங்கள், அந்தக் காலக்கெடு உங்களுக்கும் பொருந்தட்டும்.

என்னிடம் வருகிற எல்லோரிடமும் இப்போது ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன்: வாரம் ஒருமுறை புள்ளிவிவரப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள், பீட்டின் லீஸ் ஒப்பந்தத்தையும் பங்குத் தாளையும் மாஸ்டரையும் இரண்டு இடத்தில் வையுங்கள், தெரியாத பிளேலிஸ்ட்டில் பாட்டு தெரிந்தால் அன்றைக்கே புகார் எழுதி அந்தப் புகாரின் நகலையும் வையுங்கள். அவர்கள் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் படங்களையும் நகல்களையும் இணைக்க உங்கள் மேல்முறையீட்டுப் படிவத்தில் இடம் கொடுங்கள். நாங்கள் நிரப்பிய படிவத்தில் இருந்தது ஒரு சின்ன எழுத்துப் பெட்டி மட்டும்தான்.

இப்படிக்கு,
ஒரு மிக்ஸிங் இன்ஜினியர்